டம்பிள்டோரின் மூக்கு

வணக்கம் அண்ணை,

என் மகளுக்குப் பதினொரு வயது. ஹரி பொட்டர் நாவல்களில் ஆறை முடித்துவிட்டாள். அதில் வருகிற மந்திரப் பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோர் என்றால் அவளுக்கு உயிர். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான். ஏழாவதை வாசித்த பிறகு அந்தக் கிழவரைப் பழையபடி பார்க்க முடியவில்லை. இளவயதில், பின்னாளில் கொடிய மந்திரவாதியான கிரிண்டல்வால்டோடு சேர்ந்து, மந்திரம் தெரியாத சனத்தை ஆளத் திட்டம் போட்டவர். அந்தச் சிநேகிதம் சண்டையில் முடிந்தபோது தங்கச்சியைப் பறிகொடுத்தவர். ஹரியைச் சாகக் கொடுக்கத்தான் வளர்த்தாரோ என்ற சந்தேகம் வேறு. முன்பு ரசித்த இடங்களெல்லாம் இப்போது நடிப்பாகத் தெரிகின்றன. நாங்கள் ஏமாந்துவிட்டோமா? மகளுக்கு ஏழாவதைக் கொடுக்கவா, இன்னும் கொஞ்சநாள் ஒளித்து வைக்கவா?

ஒரு வாசகி, கொக்குவில்

வணக்கம் தங்கச்சி,

ஏழாவது நாவல் வந்தது 2007 ஜூலையில். அப்போது யாழ்ப்பாணத்துக்கு வரும் தரைவழியான ஏ9 பாதை மூடி ஒரு வருடமாகப் போகிறது. பருப்புக்கும் சீனிக்கும் கப்பலைப் பார்த்திருந்த யாழ்ப்பாணத்தில் டம்பிள்டோரை யார் தேடினார்கள்? நான் பிந்தித்தான் வாசித்தேன், அட்டை கழன்ற ஒரு இரவல் பிரதியில். முடித்த கையோடு முதல் நாவலின் முதல் அத்தியாயத்தைத் திரும்ப எடுத்தேன். டம்பிள்டோர் தெருவில் வந்து தோன்றும் இடத்தில் அவருடைய மூக்கைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. நீண்ட மூக்கு, இரண்டு தரமாவது முறிந்ததுபோல் கோணலாய் இருந்தது என்று. 1997இல் அச்சான வரி. தங்கச்சியின் செத்தவீட்டில் தம்பி அபர்போர்த் அடித்து முறித்த மூக்கு அது என்பது பத்து வருடம் கழித்து ஏழாவதில்தான் வருகிறது. ஆள் முதல் பக்கங்களிலேயே குற்றத்தை முகத்தில் சுமந்துகொண்டுதான் வந்திருக்கிறார். நாங்கள் தாடியையும் அரைவட்டக் கண்ணாடியையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தத் தம்பியை யோசித்துப் பாருங்கள். அழுக்குத் துணியால் கிளாஸ் துடைத்துக்கொண்டு மதுக்கடை நடத்துகிறவர். ஏழாவது நாவல் உங்களுக்கும் எனக்கும்தான் அதிர்ச்சி. அவருக்கு அதில் ஒரு புதினமும் இல்லை. (ஏகலைவனை இங்கே இழுக்கமாட்டேன். இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவனைக் களைக்கப் பண்ணிவிட்டோம்.)

என் கணக்குச் சேரைப் பற்றிச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கம், கரண்ட் இல்லாத காலம். சேரின் வளவில் ஒரு ஓலைக்கொட்டில், இரண்டு நீள வாங்கு, ஜாம் போத்தல் விளக்கு. சணல்கயிற்றை ஒரு விரலால் பலகையில் அழுத்திப் பிடித்து, மற்ற நுனியில் வெண்கட்டியைக் கட்டி வட்டம் கீறுவார். கோடு தொடங்கின இடத்திலேயே வந்து முட்டும். அந்த முட்டுகிற கணத்தில்தான் எனக்குக் கணிதம் பிடித்தது. காசு என்று வாய் திறந்து கேட்டதில்லை. வகுப்பு முடிய எல்லாருக்கும் தேத்தண்ணியும் ஒரு பனங்கட்டித் துண்டும் வரும்.

சேர் காலமானபோது முப்பத்தோராம் நாள் கல்வெட்டுக்கு, அதுதான் நினைவு மலருக்கு, என்னிடம் கட்டுரை கேட்டார்கள். உருகி உருகி எழுதினேன். எந்தப் பிள்ளையையும் பிரித்துப் பார்க்காமல் ஒரே வாங்கில் இருத்திப் படிப்பித்தவர் என்றும் எழுதினேன். கல்வெட்டு எப்படியோ ரொறன்ரோ வரைக்கும் போய், என் பக்கத்தில் இருந்து படித்த சிநேகிதன் ஒருவனின் கைக்குக் கிடைத்தது. இரவு போன் எடுத்தான். "மச்சான், வாங்கு ஒண்டுதான். போத்தில் எனக்கு மட்டுமெல்லோ" என்றான்.

அப்போதுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. எங்களுக்குக் கிளாஸ், அவனுக்கு ஜாம் போத்தல். குடித்து முடிய அவனே கிணற்றடியில் கழுவி, வேலிக் கதியாலில் கவிழ்த்துவிட்டு வருவான். மூன்று வருடம், கிழமையில் நாலு நாள், பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்த நாளில் எல்லா வீட்டிலும் ஜாம் போத்தல்தானே, கிளாஸ் தட்டுப்பாடாக்கும் என்று நினைத்திருப்பேன். அல்லது ஒன்றும் நினைத்திருக்க மாட்டேன். இரண்டாவதுதான் உண்மையாக இருக்கும்.

பிறகு ஏனடா மூன்று வருடம் வந்தாய் என்று கேட்டேன். "கணக்கு நல்லாப் படிப்பிச்சார்தானே" என்றான். அதற்குமேல் அவன் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு கிராமத்துச் சேரோடு நிற்கிற கதையும் இல்லை இது. கோயிலுக்குள் சாதி சொல்லி மறிப்பது குற்றமென்று 1957இலேயே சட்டம் வந்துவிட்டது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்களை மறித்து நின்றவர் சி. சுந்தரலிங்கம். இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல் கணிதப் பேராசிரியர். அவரிடம் கற்றவர்களுக்கும் அவர் நல்ல ஆசானாகத்தான் இருந்திருப்பார். வாசலுக்கு வெளியே நின்றவர்களிடம் போய் "அவரைப் பற்றிய உங்கள் கருத்து மாறிவிட்டதா" என்று கேட்டால் சிரித்திருப்பார்கள்.

ஆகவே, ஏமாந்தோமா என்ற கேள்வி எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. என்னை ஒருவரும் ஏமாற்றவில்லை. எனக்குக் கிளாஸில் வந்தது, நான் குடித்தேன். டம்பிள்டோரின் நல்ல இடங்கள் நடிப்பு என்றும் நான் நினைக்கவில்லை. சேர் கீறின வட்டம் இன்றைக்கும் வட்டம்தான். அந்தக் கட்டுரையை இப்போது எழுதினால் வட்டத்தையும் எழுதுவேன், கதியாலில் கவிழ்த்து வைத்த போத்தலையும் எழுதுவேன். கல்வெட்டில் போடுவார்களா என்பது வேறு கதை.

மகளுக்கு ஏழாவதைக் கொடுங்கள். கூடாரத்தில் ஹரி கத்துகிற இடம் ஞாபகம் இருக்கிறதா? பழைய குற்றத்தைவிட, தன்னிடம் முழு உண்மையையும் கிழவர் சொல்லாமல் விட்டதுதான் அவனுக்கு ஆறவில்லை. நீங்கள் புத்தகத்தை ஒளித்து வைத்தால், அவள் நாளைக்கு அதே கோபத்தோடு உங்களிடம் வருவாள். வாசித்துவிட்டு அழுதால் அழட்டும், கிழவருக்காக நீங்கள் வக்காலத்து வாங்கப் போகவேண்டாம். முதல் நாவலையும் மேசையில் அவள் கைக்கெட்டுகிற இடத்தில் வையுங்கள். மூக்கைப் பற்றி நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள்.