வாசகர் கேள்விகள்: ஆசிரியர் துணையில்லாத ஒரு வாரம்

கேள்வி: பெல்ஜியத்தின் ராணி எலிசபெத் இசைப் போட்டியில், இறுதிச் சுற்றுக்கு வந்த இளைஞர்களை ஒரு வாரம் வெளியுலகத் தொடர்பே இல்லாமல் வைத்திருக்கிறார்களாமே? இப்படி ஒரு கெடுபிடி தேவையா?
- ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: செய்தி உண்மைதான், ஆனால் அதைக் கெடுபிடி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பியானோ அல்லது வயலின் போட்டி நடக்கும் ஆண்டில், இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகும் 12 பேரும் நாளுக்கு இருவராக, பிரஸ்ஸல்ஸுக்கு அருகில் வாட்டர்லூவில் உள்ள இசைக்கூடத்துக்குச் சென்று தங்குகிறார்கள். (நெப்போலியன் தோற்றாரே, அதே வாட்டர்லூதான்.) கைபேசியை ஒப்படைத்துவிட வேண்டும். தனிக் கலைஞர் ஒருவரும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பதற்காகப் புதிதாக எழுதப்பட்டு, இன்னும் அச்சேறாத ஒரு படைப்பின் இசைக்குறிப்பு அங்கே கையில் தரப்படும். அதை ஒரு வாரத்துக்குள் மேடைக்குத் தயார்செய்ய வேண்டும். ஆசிரியரிடம் கேட்க முடியாது, கேட்டுப் பார்ப்பதற்கு ஒலிப்பதிவும் கிடையாது.

ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸின் வயலின் கான்செர்ட்டோவை (தனிக் கலைஞரும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) பயிலும் மாணவர், மேடையேறுவதற்கு முன்பே பெரிய கலைஞர்கள் பலரின் பதிவுகளைக் கேட்டிருப்பார். எந்த இடத்தில் வில்லை எப்படி இழுப்பது, எங்கே வேகத்தைத் தளர்த்துவது என்பதையெல்லாம் பெரும்பாலும் ஆசிரியரே முடிவு செய்திருப்பார். அதைக் கேட்கும் நடுவருக்கு, தாம் மதிப்பிடுவது மாணவரையா அவருடைய குருவையா என்ற சந்தேகம் எழுவது இயல்பே. யாருமே கேட்டிராத படைப்பில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. தனியாக நின்று இசையைப் படித்துப் பொருள் காணும் திறனைச் சோதிக்க வேண்டும் என்பது வயலின் மேதை யூஜின் இசாயின் கனவு. அவர் 1931-இல் மறைந்தபின், தாமும் வயலின் வாசித்தவரான பெல்ஜிய ராணி எலிசபெத்தின் ஆதரவில் 1937-இல் இசாயின் பெயரிலேயே போட்டி தொடங்கியது; போருக்குப் பின், 1951 முதல் அது ராணியின் பெயரைத் தாங்கி நடக்கிறது.

கேள்வி: தனியாக வாசிக்கச் சொல்லாமல், இறுதியில் ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்க வைப்பது ஏன்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: முழு இசைக்குழுவின் ஒலியை மீறித் தம் வாத்தியம் அரங்கின் கடைசி வரிசை வரை கேட்க வேண்டும், அதே வேளையில், இசை நடத்துநரோடு ஒத்துப்போகவும் வேண்டும். தனிக் கச்சேரியில் இந்த இரண்டும் வெளிப்படுவதில்லை. புதிய படைப்போடு, தாமே தேர்ந்தெடுத்த கான்செர்ட்டோ ஒன்றையும் அவர்கள் வாசிப்பது இதற்காகத்தான்.

கேள்வி: முதல் பரிசு பெற்றவர்கள்தாம் பின்னாளில் பெரிய கலைஞர்கள் ஆகிறார்களா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: பலர் ஆகியிருக்கிறார்கள். 1937-இல் டேவிட் ஓய்ஸ்ட்ராக், 1938-இல் எமில் கிலெல்ஸ், 1956-இல் 18 வயது விளாதிமிர் அஷ்கெனாசி, 1989-இல் 17 வயது வாதிம் ரெபின் ஆகியோர் முதலிடம் பெற்றவர்களே. ஆனால் கிலெல்ஸ் வென்ற அதே 1938-இல், நூற்றாண்டின் தலைசிறந்த பியானோ கலைஞர்களில் ஒருவராகப் பின்னர் போற்றப்பட்ட ஆர்த்துரோ பெனெதெத்தி மைக்கேலாஞ்சலிக்குக் கிடைத்தது ஏழாவது இடம். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பியானோ கலைஞர் மிட்சுகோ உச்சிதாவுக்கு 1968-இல் பத்தாவது இடம்.

இதற்கு நடுவர்களின் காதுகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை என்பேன். இப்போட்டியில் நடுவர்கள் தமக்குள் கலந்து பேசாமல் தனித்தனியே மதிப்பெண் இடுகிறார்கள். குரல் உயர்த்திப் பேசும் ஒரு நடுவர் மற்றவர்களை இழுத்துச் செல்லும் ஆபத்து இதனால் இல்லாமல் போகிறது. ஆனால் சிலரைப் பரவசப்படுத்தியும் சிலரை எரிச்சலூட்டியும் வாசிக்கும் ஒருவரை விட, யாரையும் உறுத்தாமல் வாசிப்பவருக்கே கூட்டிக் கழித்துப் பார்க்கையில் அதிக மதிப்பெண் சேரும். இப்போது முதல் ஆறு பேருக்கு மட்டுமே இடம் அறிவிக்கிறார்கள். மற்ற ஆறு பேருக்கு வரிசை எண் கிடையாது. எனவே இன்றைக்கு ஒரு மைக்கேலாஞ்சலி வந்தாலும், ஏழாவது என்ற எண் அவர் பெயரோடு ஒட்டாது.