கெடா-கிளந்தான் பசுவுக்கு எந்தக் காளை?

கேள்வி: மலேசியாவின் பகாங்கில் செம்பனைத் தோட்டத்துக்குள் 30 கெடா-கிளந்தான் பசுக்களை மேய்த்து, கன்றுகளை இறைச்சிக்கு விற்கிறேன். கன்றுகளுக்கு எடை போதவில்லை. பிரஹ்மன் காளை வாங்கலாமா, ஷாரோலே சினை ஊசி போடலாமா?

பதில்: ஐயா, காளையைப் பார்க்கும் முன் உங்கள் பசுவைப் பாருங்கள். மலேசிய நாட்டு மாடான கெடா-கிளந்தான் பசு 200 முதல் 250 கிலோதான் இருக்கும். அதன் சொந்தக் கன்று பிறக்கும்போது 15 கிலோ அளவில் இருக்கும். திமில் இல்லாத பெரிய பிரெஞ்சு இறைச்சி மாடான ஷாரோலேயின் சொந்தக் கன்றோ பிரான்சில் 45 கிலோவை ஒட்டிப் பிறக்கிறது. தாயின் கருப்பை கன்றின் அளவை ஓரளவு கட்டுப்படுத்தும் என்றாலும், கன்று பெரிதாகி ஈனமுடியாமல் போகும் ஆபத்து உங்கள் பசுக்களுக்கு அதிகம். தலைச்சன் கிடாரிக்கு ஷாரோலே ஊசி வேண்டவே வேண்டாம். அதற்குக் கெடா-கிளந்தான் காளையே போதும்.

வேகமாக வளர்வதில் ஷாரோலே கலப்பு முன்னால் நிற்கும் என்பது உண்மைதான். திமில் இல்லாத இனமும் திமில் உள்ள இனமும் சேரும்போது கலப்பு வீரியம், அதாவது பெற்றோரின் சராசரியைவிடக் கன்று நன்றாக வளரும் தன்மை, கூடுதலாக வரும். பிரஹ்மனும் கெடா-கிளந்தானும் இரண்டுமே திமில் மாடுகள் என்பதால் அந்த வீரியம் சற்றுக் குறைவு. ஆனால் வெயிலையும் உண்ணியையும் பிரஹ்மன் நன்றாகத் தாங்கும். நம் ஓங்கோல், கிர் போன்ற மாடுகளை வைத்து அமெரிக்காவில் உருவாக்கிய இனம் அல்லவா! மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டி உருவாக்கிய பிராக்மாஸ் மாடும் பிரஹ்மன், கெடா-கிளந்தான் கலப்புதான்.

மரம் வளர வளர நிழல் கூடிப் புல் குறையும். அந்தப் புல்லை மட்டும் தின்னும் ஷாரோலே கலப்புக் கன்று தன் வேகத்தைக் காட்டாது. செம்பனைப் பருப்புப் புண்ணாக்கு போன்ற தீவனத்துக்குச் செலவு செய்ய முடிந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

என் யோசனை, இரண்டு படியாகப் போவது. முதலில், இரண்டு மூன்று ஈற்றுக் கண்ட பசுக்களுக்குப் பிரஹ்மன் அல்லது பிராக்மாஸ் காளை விடுங்கள். 25 பசுவுக்கு ஒரு காளை போதும். அதன் மகள்கள் பருவத்துக்கு வருமுன் காளையை மாற்றிவிடுங்கள். அந்தக் கலப்புக் கிடாரிகள் தாயைவிடப் பெரிதாக வளரும். அவை ஓர் ஈற்று ஈன்ற பிறகு, நல்ல உடற்கட்டு உள்ளவற்றுக்கு மட்டும் ஷாரோலே ஊசி போடலாம். அதில் பிறக்கும் கன்றுகளை, கிடாரி உட்பட, எல்லாவற்றையும் விற்றுவிடுங்கள். உடம்பு பெருத்த பசுவை வைத்துக்கொண்டால் அந்தப் புல் அதற்குப் போதாது, சினையும் தள்ளிப்போகும்.

அப்புறம், ஐந்து பசுக்களைத் தனியாகப் பிரித்துக் கெடா-கிளந்தான் காளைக்கே விடுங்கள். ஒப்பிட ஏதாவது வேண்டுமே. எல்லாக் கன்றையும் பிறந்த அன்றும் 210-ஆம் நாளும் எடை போடுங்கள். 20 கிலோவில் பிறந்து 110 கிலோ ஆனால், நாளுக்குச் சுமார் 430 கிராம் கூடியிருக்கிறது. காளைக்கன்றைக் காளைக்கன்றோடு, ஒரே பருவத்தில் பிறந்ததோடு மட்டும் ஒப்பிடுங்கள். கன்று ஈன உதவி தேவைப்பட்ட பசு, செத்த கன்று, அடுத்த சினைக்கு ஆன நாள் ஆகியவற்றையும் அதே நோட்டில் எழுதுங்கள்.