எரிமலை அருகே விலை மலிவான வீடு: கடன் எடுத்து வாங்கலாமா?

கேள்வி: ஹவாய்த் தீவின் ஹீலோ நகரில் வாடகைக்கு இருக்கிறோம். கிலாவேயா எரிமலைப் பக்கம், புனா பகுதியில் 2,80,000 டாலருக்கு ஒரு வீடு விலைக்கு வருகிறது. சேமிப்பு 90,000 டாலர். அதில் 60,000 முன்பணம் கட்டி, மீதிக்கு வங்கிக் கடன் வாங்கலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன்.

அந்த மனை எந்த லாவா (எரிமலைக் குழம்பு) ஆபத்து மண்டலத்தில் வருகிறது என்று முதலில் பாருங்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் வரைபடத்தில் 1 முதல் 9 வரை மண்டலங்கள் உண்டு. 1-ல்தான் ஆபத்து அதிகம். 2018 மே 3-ல் நிலம் பிளந்து லாவா பீறிட்ட, புனாவின் லெய்லானி எஸ்டேட்ஸ் குடியிருப்பு அந்த மண்டலம்தான். அந்த வெடிப்பில் 700-க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. 1, 2 மண்டலங்களில் எஃப்.ஹெச்.ஏ. (அமெரிக்க அரசின் வீட்டுவசதி அமைப்பு) உத்தரவாதக் கடன் கிடைக்காது. அதுவே ஓர் எச்சரிக்கை.

'இன்ஷூரன்ஸ் இருக்கிறதே' என்று தோன்றும். பாலிசி கட்டடத்துக்கு மட்டும்தான், மனைக்கு இல்லை. கட்டடத்துக்கு 1,90,000 டாலர் காப்பீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீடு எரிந்துபோனால் அந்தத் தொகையில் முதல் உரிமை வங்கிக்கு. கடன் பாக்கி 2,20,000 என்றால், முழுத் தொகையும் வங்கிக்குப் போன பிறகும் 30,000 கடன் நிற்கும். முன்பணம் 60,000 போனது போனதுதான். பாறைக்கு அடியில் கிடக்கும் மனை மட்டும் உங்கள் பெயரில் மிஞ்சும்.

பாலிசியில் விலக்குப் பகுதியை வரி விடாமல் படியுங்கள். லாவாவால் பற்றும் தீயை ஏற்கும் பாலிசிகள் உண்டு. லாவா சேதமே கிடையாது என்று எழுதியவையும் உண்டு. பிரீமியம் குறைவாக இருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நிலநடுக்கத்துக்குத் தனிக் காப்பீடு தேவை. 2018 மே 4-ல் அங்கே 6.9 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டது. 1990-ல் புனாவின் கலபானா ஊரை லாவா மூடிய பிறகு தனியார் நிறுவனங்கள் ஒதுங்கியதால், 1991-ல் மாநிலச் சட்டப்படி ஹவாய் சொத்துக் காப்பீட்டுச் சங்கம் உருவானது. அங்கும் விசாரியுங்கள். லாவா கிளம்பிய பிறகு புதுப் பாலிசிக்கு ஓடிப் பயனில்லை.

பலரும் கணக்கில் எடுக்காதது, வீடு அப்படியே நிற்க, சாலை மட்டும் மூடிப்போகும் நிலை. 2018-ல் லாவா மூடிய, புனாவின் நெடுஞ்சாலை 132 மீண்டும் திறக்க 2019 நவம்பர் ஆயிற்று. அப்படி ஒரு நிலை வந்தால் வேறிடத்து வாடகை 2,000, 7% வட்டியில் 30 ஆண்டுக் கடனுக்குத் தவணை சுமார் 1,460 என மாதம் 3,460 டாலர் போகும். மீதமுள்ள 30,000 ஒன்பது மாதம்கூடத் தாங்காது.

அங்கே வாழ ஆசை விடவில்லை என்றால் முதலில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். பல வீடுகளில் குடிநீர் மழைநீர்த் தொட்டியில்தான். சாம்பல் விழத் தொடங்கினால் கூரையிலிருந்து தொட்டிக்கு வரும் குழாயை உடனே கழற்றிவிட வேண்டும். கந்தகப் புகையால் மழை அமிலமாகி, பழைய கூரை ஆணி, பற்றாசு (சால்டர்) வழியே ஈயத்தைக் கரைத்துவிடும். தண்ணீரைப் பரிசோதிக்காமல் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். என்95 முகக்கவசம் சாம்பலைத் தடுக்கும், கந்தக வாயுவைத் தடுக்காது. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள்.

சொந்த வீடுதான் வேண்டும் என்றால் ஹீலோவிலேயே மண்டலம் 3-ல் சின்னதாகத் தேடுங்கள்.