ஒவ்வொரு ஜாபுக்கும் கன்ட்ரோல் லிமிட் போடுவது எப்படி? கேள்வி பதில்

எஸ்பிசி (அளவுகளைச் சார்ட்டில் போட்டு மெஷினின் போக்கைக் கண்காணிக்கும் முறை) சாஃப்ட்வேர் வாங்கி, கன்ட்ரோல் லிமிட் (மெஷின் வழக்கம்போல் ஓடும்வரை புள்ளிகள் பொதுவாகத் தாண்டாத கோடு) போடும் இடத்தில் தடுமாறி நிற்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. மெஷின் ஷாப்பில் தரப் பிரிவில் வேலை பார்த்து நான் கற்றுக்கொண்டதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஓசூர், குவாலிட்டி இன்ஜினியர்): சார், ஒரே சிஎன்சி லேத்தில் தினமும் மூன்று நான்கு ஜாப் ஓடுகிறது. ஒவ்வொரு வொர்க் ஆர்டருக்கும் தனி லிமிட் வைக்கவா, பார்ட் நம்பருக்கு ஒன்று போதுமா?

பதில்: குழப்பமே ‘ஜாப்’ என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. ஷாப்பில் ஜாப் என்றால் கையில் இருக்கும் பீஸ். ஈஆர்பியில் (ஆர்டர், ஸ்டாக் கணக்கு பார்க்கும் சாஃப்ட்வேர்) ஜாப் என்றால் ஆர்டர் நம்பர். ஆர்டர் நம்பரோடு லிமிட்டைக் கட்டிவிட்டால், 200 பீஸ் ஆர்டர் ஒவ்வொன்றும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். போன மாதம் அதே பார்ட் ஓடியபோது தெரிந்துகொண்டதெல்லாம் வீணாகும்.

பார்ட் நம்பர், ஆபரேஷன் நம்பர், மெஷின், அளக்கும் அளவு ஆகிய நான்கையும் சேர்த்து ஒரு லிமிட் வையுங்கள். ஆர்டர் நம்பர், ஆபரேட்டர், இன்சர்ட் (வெட்டும் முனை) மாற்றிய நேரம், மெட்டீரியலின் ஹீட் நம்பர் (எந்த உருக்குத் தொகுதி என்ற எண்) இதையெல்லாம் ரீடிங்கோடு குறிப்பாக ஏற்றினால் போதும். பிரச்சினை வரும்போது அவற்றை வைத்துப் பிரித்துப் பார்க்கலாம். ஒரே பார்ட் இரண்டு மெஷினில் ஓடினால் முதலில் தனித்தனியாகவே வையுங்கள். இரண்டும் ஒரே மாதிரி ஓடுகின்றன என்று சார்ட் காட்டட்டும், அப்புறம் சேர்க்கலாம்.

கேள்வி (கோவை, பம்ப் பாகங்கள்): டிராயிங்கில் 25.000 ± 0.020 என்று இருக்கிறது. அந்த 25.020, 24.980 இரண்டையுமே சாஃப்ட்வேரில் கன்ட்ரோல் லிமிட்டாகப் போட்டிருக்கிறார்கள். தப்பா?

பதில்: தப்புதான், உடனே மாற்றுங்கள். டாலரன்ஸ் கஸ்டமர் கேட்பது. கன்ட்ரோல் லிமிட் உங்கள் மெஷின் சொல்வது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடுத்தடுத்து வரும் ஐந்து பீஸ் ஒரு சப்குரூப்; அப்படி 25 சப்குரூப் எடுத்தீர்கள். மொத்த ஆவரேஜ் 25.004, ஆவரேஜ் ரேஞ்ச் (ஒவ்வொரு சப்குரூப்பிலும் பெரிய அளவுக்கும் சிறிய அளவுக்கும் உள்ள வித்தியாசத்தின் சராசரி) 0.010 என்று வைத்துக்கொள்வோம். எஸ்பிசி அட்டவணையில் ஐந்து பீஸுக்கு ஏ2 என்ற மாறிலியின் மதிப்பு 0.577. அதை ரேஞ்சால் பெருக்கினால் 0.0058 வரும். ஆகவே ஆவரேஜ் சார்ட்டின் மேல் லிமிட் 25.0098, கீழ் லிமிட் 24.9982. ரேஞ்ச் சார்ட்டுக்கு அதே அட்டவணையில் டி4 மதிப்பு 2.114; ரேஞ்சால் பெருக்கினால் மேல் லிமிட் 0.021.

இப்போது உங்கள் சார்ட்டைப் பாருங்கள். ஆவரேஜ் 25.015-க்குப் போனாலும் அது ‘உள்ளேதான் இருக்கிறது’ என்று காட்டும். அந்த நிலையில் ஐந்து பீஸில் ஒன்றிரண்டு டாலரன்ஸைத் தாண்டியிருக்கக்கூடும். ஐந்து பீஸின் ஆவரேஜை ஒற்றைப் பீஸின் டாலரன்ஸோடு ஒப்பிடவே கூடாது.

இதே கணக்கில் இன்னொன்றும் கிடைக்கிறது. சிக்மா (அளவுகளின் பரவல்) 0.0043, சிபி (அந்தப் பரவலோடு ஒப்பிட்டால் டாலரன்ஸ் எவ்வளவு அகலம் என்ற விகிதம்) 1.55, சிபிகே (செட்டிங் நடுவிலிருந்து விலகியதையும் சேர்த்துப் பார்க்கும் விகிதம்) 1.24 மட்டுமே. பல கஸ்டமர்கள் கேட்கும் 1.33-க்குக் கீழே இருக்கிறது. மெஷின் நல்ல மெஷின்தான், செட்டிங்தான் 4 மைக்ரான் (0.004 மி.மீ.) தள்ளி நிற்கிறது. ஆஃப்செட்டை (டூல் நிற்கும் இடத்தைத் திருத்த மெஷினில் போடும் எண்) மாற்றி அளவை நடுவுக்குக் கொண்டுவந்தால் சிபிகேவும் 1.55-க்கு வந்துவிடும்.

கேள்வி (ஸ்ரீபெரும்புதூர்): எங்கள் சாஃப்ட்வேரில் ‘கடைசி 25 சப்குரூப்பை வைத்துத் தானாகக் கணக்கிடு’ என்று ஒரு வசதி இருக்கிறது. வேலை மிச்சம் என்று போட்டு வைத்திருக்கிறோம். சரியா?

பதில்: தயவுசெய்து அதை அணைத்துவிடுங்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒருமுறை இதில் நேரடியாக அடிபட்டிருக்கிறேன்.

40 மி.மீ. போர் (துளை குடையும்) ஆபரேஷன் அது. தொடக்கத்தில் ஆவரேஜ் ரேஞ்ச் 8 மைக்ரான். மெல்ல மெல்ல 14-க்கு ஏறியது. லிமிட்டும் தினமும் கூடவே விரிந்துகொண்டு போனது. ஸ்கிரீனில் ஒரு சிவப்புப் புள்ளிகூட வரவில்லை. ஓவர்சைஸ் போர் கஸ்டமர் லைனில் மாட்டிய பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அதே டேட்டாவை முதல் மாத லிமிட்டை வைத்து மறுபடி போட்டுப் பார்த்தோம். கஸ்டமர் போன் வருவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பே ரேஞ்ச் புள்ளி 17 மைக்ரானைத் தாண்டி வெளியே நின்றது. பீஸைப் பிடிக்கும் ‘சக்’கைக் கழற்றிப் பார்த்தால், அதன் மூன்று ஜாவில் (பிடிக்கும் தாடை) ஒன்று மட்டும் ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்திருந்தது. விரலால் தடவினாலே பள்ளம் தெரிந்தது. அன்று அந்தப் பீஸ்களை எல்லாம் பிரித்தெடுக்கக் கஸ்டமர் ஆலையில் இரவு முழுக்க நின்ற பையன்களின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

லிமிட்டை ஒருமுறை ஒழுங்காகப் போட்டு, உறைய வையுங்கள். மெஷினில் உண்மையாகவே ஏதாவது மாறினால் மட்டும் திருத்துங்கள்: ஸ்பிண்டில் ரிப்பேர், புது ஃபிக்ஸர், இன்சர்ட் கிரேடு மாற்றம், ரேஞ்ச் நிலையாகக் குறைந்த முன்னேற்றம். பழைய லிமிட்டை அழிக்காமல், எந்தத் தேதியிலிருந்து, யார், எதனால் மாற்றினார் என்று எழுதி வையுங்கள். ஆடிட்டர் கேட்பதும் இதைத்தான்.

கேள்வி (அம்பத்தூர், சிறுதொழில்): ஐயா, எங்களுக்கு வருவதே 30 பீஸ், 40 பீஸ் ஆர்டர். 18, 25, 32 மி.மீ. புஷ் மாறி மாறி ஓடும். 25 சப்குரூப்புக்கு நாங்கள் எங்கே போவது?

பதில்: அளவை அப்படியே போடாமல், இலக்கிலிருந்து எவ்வளவு விலகல் என்று போடுங்கள். 25.006 வந்தால் +6 மைக்ரான். அடுத்து 18.004 வந்தால் +4. மூன்று பார்ட்டும் ஒரே சார்ட்டில் வரும், 25 சப்குரூப் சீக்கிரம் சேர்ந்துவிடும். இங்கே நீங்கள் கண்காணிப்பது அந்த லேத்தை.

இலக்கு விஷயத்தில் கவனம் தேவை. 25 h7 (சிறிய எழுத்து h) ஷாஃப்ட் என்றால் டாலரன்ஸ் 0, −21 மைக்ரான். 25.000-ஐ இலக்காக வைத்தால் எல்லாப் புள்ளியும் கீழேயே கிடக்கும். நடுவான 24.9895-ஐ வையுங்கள்.

மூன்று பார்ட்டின் ரேஞ்சும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால்தான் இது சரிப்படும். நீளமான, மெல்லிய பார்ட் ஒன்று மட்டும் அதிகமாக ஆடினால், விலகலின் ஆவரேஜை அந்தப் பார்ட்டின் வழக்கமான ஆவரேஜ் ரேஞ்சால் வகுத்துவிடுங்கள். மும்மூன்று பீஸாக எடுத்தால் ஆவரேஜ் சார்ட்டுக்கு லிமிட் எப்போதும் ±1.02. ரேஞ்சையும் அப்படியே வகுத்தால் மேல் லிமிட் 2.57. எந்தப் பார்ட் வந்தாலும் லிமிட் மாறாது. சாஃப்ட்வேரில் இந்த வசதி இல்லாவிட்டால் எக்செல் போதும்.

கேள்வி (பிளாஸ்டிக் மோல்டிங்): நான்கு கேவிட்டி (பீஸ் உருவாகும் குழி) மோல்டு. ஒரு ஷாட்டின் நான்கு பீஸையும் ஒரு சப்குரூப்பாக எடுக்கிறோம். புள்ளிகள் எல்லாம் நடுக்கோட்டை ஒட்டியே ஓடுகின்றன. நல்ல அறிகுறிதானே?

பதில்: இல்லை. கேவிட்டிக்குக் கேவிட்டி இருக்கும் நிரந்தர வித்தியாசம் ரேஞ்சுக்குள் புகுந்து லிமிட்டை அகலமாக்கிவிட்டது. கேவிட்டி வாரியாகச் சார்ட்டைப் பிரியுங்கள். ஆறு ஸ்பிண்டில் ஆட்டோமேட்டுக்கும் (ஆறு பீஸை ஒரே நேரத்தில் கடையும் லேத்) இதே கதைதான்.

கேள்வி: ரன்அவுட்டுக்கு (பீஸ் சுழலும்போது தெரியும் ஆட்டம்) சாஃப்ட்வேர் கீழ் லிமிட்டாக மைனஸ் காட்டுகிறதே?

பதில்: பூஜ்யத்துக்குக் கீழே ரன்அவுட் கிடையாது, கீழ் லிமிட்டை எடுத்துவிடுங்கள். இவ்வகை அளவுகள் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும் என்பதால் ஒற்றைப் பீஸ் சார்ட்டைவிட ஆவரேஜ் சார்ட் நல்லது.

கேள்வி: ரேஞ்ச் 0 அல்லது 10 மைக்ரான் மட்டுமே வருகிறது.

பதில்: 10 மைக்ரான் லீஸ்ட் கவுன்ட் (காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு) உள்ள மைக்ரோமீட்டரில் அளக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முதலில் 1 மைக்ரான் கேஜுக்கு மாறுங்கள். லிமிட்டைப் பற்றி அப்புறம் பேசலாம்.

கேள்வி (லேத் ஆபரேட்டர், திருச்சி): அண்ணா, புள்ளி லிமிட்டைத் தாண்டுகிறது, ஆனால் பீஸ் டாலரன்ஸுக்குள் இருக்கிறது. மெஷினை நிறுத்தினால் சூப்பர்வைசர் திட்டுகிறார். நிறுத்தாவிட்டால் குவாலிட்டி திட்டுகிறது. நான் என்ன செய்ய?

பதில்: தம்பி, உன்னை இந்த இடத்தில் தனியாக நிறுத்தியது தப்பு. புள்ளி வெளியே போனால் என்ன செய்வது என்று எழுதி, இரண்டு பிரிவும் கையெழுத்துப் போட்டு, மெஷின் பக்கத்தில் ஒட்டியிருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கு.

அதுவரை இப்படிச் செய். அதே பீஸைத் துடைத்து மறுபடி அள. சிப் ஒட்டியிருந்தாலே 10 மைக்ரான் ஏமாற்றும். அளவு சரிதான் என்றால் இன்சர்ட் முனை, ஜா, கூலன்ட் மூன்றையும் பார். காரணம் கிடைத்தால் சரிசெய்து, சார்ட்டில் எழுதிவிட்டு ஓட்டு. கிடைக்காவிட்டால் கூப்பிடு.

எடுத்ததும் ஆஃப்செட்டில் கை வைக்காதே. ஒவ்வொரு பீஸுக்கும் +3 வந்தால் −3, −2 வந்தால் +2 என்று திருத்திக்கொண்டே இருந்தால், நிலையாக ஓடும் மெஷினின் சிக்மா 1.4 மடங்காகிவிடும். புள்ளி உள்ளே இருக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் உன் வேலைதான். யாராவது ‘ஏன் சும்மா நிற்கிறாய்’ என்று கேட்டால் சார்ட்டைக் காட்டு.