பாக்கியைக் கேட்டு எப்படி எழுதுவது?

கேள்வி: திருப்பூரில் அட்டைப்பெட்டி தயாரித்துக் கொடுக்கிறேன். ஒரு ஏற்றுமதி கம்பெனி ரூ.2,80,000 தராமல் நான்கு மாதமாக இழுக்கிறது. பணிவாக எழுதினால் பதிலே இல்லை. கறாராக எழுதினால் ஆர்டர் போய்விடுமோ என்று பயம். எப்படி எழுதுவது?

பதில்: நீங்கள் இணைத்திருந்த கடிதத்தைப் பார்த்தேன். எட்டு வரி நலம் விசாரிப்பு, நடுவில் புது டிசைன் பெட்டிக்கு விலை, கடைசியில்தான் பாக்கி. பில் எண்ணையே காணோம். விலையை மட்டும் பேசிவிட்டு மற்றதை மறந்துவிட அவர்களுக்கு நீங்களே வழி செய்திருக்கிறீர்கள்.

விலை சொல்லத் தனிக் கடிதம் எழுதுங்கள். பாக்கிக் கடிதத்தின் முதல் வரி இப்படி இருக்கட்டும்: “பில் எண் 114, மார்ச் 3, ரூ.2,80,000 இன்னும் வந்து சேரவில்லை. எந்தத் தேதியில் அனுப்புவீர்கள் என்று வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்கவும்.” அதோடு பில் நகல், கையெழுத்தான டெலிவரி சலான். முதலாளிக்கு வேண்டாம், அக்கவுன்ட்ஸுக்கு மெயில் போடுங்கள். தினமும் இப்படிக் கடிதம் பார்ப்பவர்கள் அவர்கள், கோபப்பட மாட்டார்கள்.

பதில் இல்லையா? இரண்டாவது கடிதத்தில் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தைச் சொல்லுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் வர வேண்டும். இருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதமான பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. மிரட்ட வேண்டாம், கணக்கை எழுதினால் போதும்.

இதற்கு உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு வேண்டும், சரக்கு அனுப்பும் முன்பே இருப்பது நல்லது. பதிவுக்குக் கட்டணம் கிடையாது, புதுப்பித்தலும் கிடையாது. அரசு முத்திரையைப் போட்டுக்கொண்டு ‘ரினிவல்’ என்று ஆயிரக்கணக்கில் கறக்கும் ஏஜெண்டுகள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அதே ஆள் ‘லீகல் நோட்டீஸ் ஃபார்மட்’ என்று இன்னொரு பில் போடுவார். வாங்காதீர்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். நீங்களே தயாரித்த பெட்டிக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. வெளியே வாங்கி விற்றால் நீங்கள் வியாபாரி. 2021 ஜூலையில் வியாபாரிகளையும் உத்யமில் சேர்த்தார்கள், ஆனால் வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும். கையில் சான்றிதழ் இருக்கும், வட்டி கேட்க முடியாது. சீசனில் வெளியே வாங்கிக் கொடுத்த பெட்டி இருந்தால் அதற்குத் தனி பில் போடுங்கள். ஒரே பில்லில் கலந்துவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடிப்பார்.

கடிதத்துக்கு மசியாவிட்டால், சிறுதொழில் பாக்கித் தகராறுகளுக்கான அரசின் இணையதளத்தில் மனு போடலாம். 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். எந்த நாட்காட்டியில் எண்ணுகிறார்களோ! அதனால் கடிதத்திலேயே முடிக்கப் பாருங்கள்.

இப்போது போய் “பெட்டி தரமில்லை” என்று ஆரம்பித்தால் மயங்காதீர்கள். சரக்கு இறங்கி 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபணை வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. “எந்தத் தேதியில் எழுதினீர்கள்? நகல் அனுப்புங்கள்” என்று ஒரு வரி பதில் போதும்.