பங்குனிக்கு முன்பே வந்த வெயில்: கொட்டும் மாம்பிஞ்சுக்கு என்ன செய்வது?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டம், போச்சம்பள்ளிப் பக்கம் 4 ஏக்கர் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். 100 பெங்களூரா, 60 அல்போன்சா. எல்லாம் 20 வயதைத் தாண்டிய மரங்கள். தையில் வர வேண்டிய பூ, மாசியில்தான் வந்தது. பூ விரிந்த வாரமே வெயில் கொளுத்தத் தொடங்கிவிட்டது. கைப்பேசியில் 37 டிகிரி என்று காட்டுகிறது. விடியற்காலையில் போர்வை இல்லாமல் படுக்க முடியவில்லை. திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தில் இருக்கும் என் மைத்துனர், அங்கே மழை தூறியதாகவும் மரம் நன்றாக இருப்பதாகவும் சொல்கிறார். தண்ணீர் விடச் சொன்னதும் அவர்தான். டேங்கர் வாங்கி எல்லா மரத்துக்கும் விட்டேன். பூவுக்கு நடுவே செந்தளிர் கிளம்பிவிட்டது. மருந்துக்கடையில் கொடுத்த மூன்று மருந்தையும் ஒன்றாகக் கலந்து அடித்தேன். இப்போது பட்டாணி அளவுப் பிஞ்சு நாள்தோறும் கூடை கூடையாகக் கொட்டுகிறது. எங்கள் பகுதிக்கு மட்டும் ஏன் இந்தச் சோதனை? மீதிக் காயையாவது காப்பாற்ற வழி உண்டா?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆண்டு முழுவதும் காத்திருந்து பார்த்த பூ கண்ணெதிரே கொட்டும்போது சும்மா இருக்க யாருக்கும் மனம் வராது. மீதியைக் காப்பாற்ற வழி இருக்கிறது. ஆனால் அதற்கு முன், விழுவது ஏன் விழுகிறது என்று தெரிய வேண்டும். நாளைக் காலையில் ஒரு வேலை செய்யுங்கள்.

மரத்தடியில் புதிதாக விழுந்த பிஞ்சுகளில் பத்தைப் பொறுக்கி, பிளேடால் நெடுக்காக வெட்டிப் பாருங்கள். உள்ளே விதை இருக்க வேண்டிய இடம் வெற்றாகவோ, கறுத்துச் சுருங்கிய நூல் போலவோ இருந்தால் அது மகரந்தம் சரியாகச் சேராத பிஞ்சு. அதை எந்த மருந்தும் மரத்தில் நிறுத்தாது. அது விழுந்துதான் ஆக வேண்டும். விதை வெள்ளையாக, கொழுகொழுவென்று இருந்து, காம்பு சேரும் இடம் மட்டும் மஞ்சளாகியிருந்தால் அந்தப் பிஞ்சு நல்ல பிஞ்சு. வெயிலும் வேர்வறட்சியும் சேர்ந்து அதைத் தள்ளியிருக்கின்றன. காம்பைச் சுற்றித் தோல் சொரசொரப்பாக, பழுப்புக் கீறலோடு இருந்தால் இலைப்பேனின் வேலை. பத்தில் எது எத்தனை என்று எண்ணி எழுதி வையுங்கள். இனிச் செய்ய வேண்டியது எல்லாம் அந்த எண்ணிக்கையைப் பொறுத்தது.

உங்கள் விவரத்தை வைத்துப் பார்த்தால் முதல் வகைதான் அதிகம் இருக்கும் என்று நினைக்கிறேன். மாமரம் பூப்பதற்குக் குளிர்ந்த இரவும் காய்ந்த மண்ணும் வேண்டும். பூத்தபின் மகரந்தம் சேர்வதற்கு அந்தக் குளிர் ஆகாது, கடும் வெயிலும் ஆகாது. 35 டிகிரியைத் தாண்டிய உலர் வெயிலில் மகரந்தம் உயிர்ப்பை இழக்கும், அதை ஏற்கும் பூவின் சூல்முடி காய்ந்துபோகும். இரவு 15 டிகிரிக்குக் கீழே இறங்கினாலும் மகரந்தக் குழாய் சரியாக வளராது. ஒரே நாளில் இரண்டு பக்கமும் அடி வாங்கியிருக்கிறது உங்கள் தோப்பு. பூ தையில் வந்திருந்தால் இந்த வெயில் வரும்போது காய் கோலிக்குண்டு அளவுக்குத் தேறியிருக்கும்.

பூ ஏன் தாமதமானது? பெரும்பாலும் கார்த்திகை, மார்கழியில் பின்தங்கிப் பெய்த மழைதான் காரணம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் வலுவிழந்து வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியதை உங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. அவ்வளவு மழை வேண்டாம்; பூக்கத் தயாராக ஓய்ந்திருக்கும் மரத்தின் வேரில் இரண்டு நல்ல மழை இறங்கினாலே அது பூவை விட்டுவிட்டுத் தளிருக்குப் போய்விடும். அந்தத் தளிர் முற்றிய பிறகுதான் பூவை நினைக்கும். நீங்கள் பூவின் நடுவே டேங்கர் தண்ணீர் விட்டபோது நடந்ததும் இதேதான். உங்கள் மைத்துனர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் தோப்பு இருக்கும் நிலை வேறு, உங்கள் தோப்பு இருக்கும் நிலை வேறு.

இந்த இடத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தோப்புகளுக்குப் போகும்போதெல்லாம் ‘எங்களுக்கு மட்டும் ஏன்’ என்ற கேள்வி என் காதில் விழுகிறது. தமிழ்நாட்டுக்கு ஒரே கோடை என்று நாம் பேசிப் பழகிவிட்டோம். மார்ச் மாதத்தில் தெற்கேயும் கடலோரத்திலும் கீழைக்காற்று இன்னும் முழுதாக ஓய்ந்திருக்காது. கடல் ஈரத்தோடு வரும் அந்தக் காற்று டெல்டாவிலும் தென்மாவட்டங்களிலும் அவ்வப்போது ஒரு தூறல் போட்டுவிட்டுப் போகும். நத்தம் பக்கம் உங்கள் மைத்துனர் கண்டது அப்படிப்பட்ட தூறலாக இருக்கலாம். உங்கள் மாவட்டத்துக்கு அந்த நேரத்தில் வருவது ராயலசீமை, கர்நாடக மேட்டுநிலம் வழியாக இறங்கும் காய்ந்த காற்று. ஈரமில்லாத காற்று பகலில் சட்டென்று சூடேறும், வானம் தெளிந்திருப்பதால் இரவில் சட்டென்று ஆறும். பகல் 37, விடியலில் போர்வை என்று நீங்கள் எழுதியதன் காரணம் இதுதான். கடலோரத்தில் இவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்காது. பிற்பகலில் கடற்காற்று உள்ளே வந்து பகல் வெயிலை மட்டுப்படுத்தும், இரவைப் பெரிதாகக் குளிரவும் விடாது.

கேரளத்தை எல்லோரும் குளிர்ந்த நாடு என்று நினைக்கிறோம். பாலக்காட்டு விவசாயியிடம் கேட்டுப் பாருங்கள். மலைத்தொடரில் இருக்கும் கணவாய் வழியாக நம் பக்கத்து உலர்ந்த காற்று போவதால் மார்ச்சில் அங்கே 40 டிகிரியைத் தொடுவது புதிதல்ல. அதே காய்ந்த இடத்தில், பொள்ளாச்சிக்கு அந்தப்புறம் இருக்கும் முதலமடையில்தான் நாட்டிலேயே முந்திய மாங்காய் சந்தைக்கு வருகிறது. அங்கே பூ முந்திவிடுவதால் வெயில் வரும்போது காய் தேறியிருக்கும். கன்னியாகுமரியில் இரண்டு பருவமழையும் இருப்பதால் நீலம் ரக மா ஆண்டில் இரண்டு முறை காய்ப்பது உண்டு. ஆகவே வெயிலைவிட, அது வரும் நாளில் பூ எந்த நிலையில் இருக்கிறது என்பதே காய்ப்பைத் தீர்மானிக்கிறது.

வெயில் முந்தி வருவது உங்கள் பிரமை அல்ல. நாடு முழுவதற்குமான கணக்கில் 2022 மார்ச், அதுவரை பதிவான மார்ச் மாதங்களிலேயே வெப்பம் மிகுந்தது. 2023 பிப்ரவரியின் பகல் வெப்பமும் 1901க்குப் பின் பிப்ரவரிகளில் அதிகம். ‘மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்று சொன்ன ஊரில் மாசியிலேயே உச்சிவெயிலுக்குத் துண்டு தேட வேண்டியிருக்கிறது. நீங்கள் குறைப்பட்டுக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மாசி, பங்குனி என்று நாள்காட்டியைப் பார்த்தோ இன்னொரு மாவட்டத்தின் தொலைபேசியைக் கேட்டோ தண்ணீர் விடும் பழக்கத்தை இனி விட்டுவிட வேண்டும். உங்கள் மரம் காட்டுவதைப் பார்த்து விடுங்கள்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். 160 மரத்துக்கும் ஒரு டேங்கர், அதாவது 6,000 லிட்டர் விட்டால் மரத்துக்கு 38 லிட்டர்கூட நிற்காது. உங்கள் செம்மண் சரளையில் அது மேல் மண்ணை நனைத்து மாலைக்குள் ஆவியாகிவிடும். காசு போனதுதான் மிச்சம். எனவே தோப்பைச் சுற்றி வந்து, பிஞ்சு பட்டாணி அளவை எட்டி நிற்கும் மரங்களுக்கு மட்டும் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். அப்படி 60 மரம் தேறினால் இரண்டு டேங்கரில் மரத்துக்கு 200 லிட்டர் கிடைக்கும். அது வேருக்கு இறங்கும். இன்னும் பூவாக நிற்கும் மரத்துக்கும், தளிர் கிளம்பிய மரத்துக்கும் ஒரு சொட்டு வேண்டாம்.

எங்கே ஊற்றுவது என்பதும் முக்கியம். அடிமரத்தைச் சுற்றிப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதைப் பல தோப்புகளில் பார்க்கிறேன். தண்ணீர் உறிஞ்சும் மெல்லிய வேர் அங்கே குறைவு. உச்சி வேளையில் மரத்தின் நிழல் விழும் விளிம்புக்குச் சற்று உள்ளே, மேட்டுப் பக்கமாகப் பிறை வடிவில் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் எடுங்கள். மண்வெட்டியில் கனத்த வேர் தட்டினால் அங்கே நிறுத்திவிடுங்கள். சூரியன் சாய்ந்தபின் அதில் ஊற்றி, காலையில் காய்ந்த இலை, வேர்க்கடலைத் தோல், தென்னை மட்டை எது கிடைக்கிறதோ அதை நான்கு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். 10 முதல் 12 நாள் இடைவெளி தவறாமல் அடுத்த தண்ணீர் கொடுங்கள். மூன்று வாரம் காயவிட்டு ஒரே நாளில் வெள்ளமாக விட்டால் நின்ற காயும் விழும், பெருத்த காய் வெடிக்கும்.

மூடாக்கில் அல்போன்சாவுக்கு இன்னொரு லாபம் உண்டு. வெறும் மண்ணிலிருந்து எழும் அனல் தாழ்ந்த கிளைக் காய்களைத் தாக்கும்போதுதான் பஞ்சுத்தசை கூடுகிறது. பழம் வெளியே அழகாக இருக்கும்; அறுத்தால் நடுவில் வெளுத்துப் புளித்த சதை. வியாபாரி ஒரு பழத்தை அறுத்துப் பார்த்துவிட்டு முழு லாரிக்கும் விலை குறைப்பது அந்த ஒரு குறையால்தான். உங்கள் 60 அல்போன்சாவுக்கும் மூடாக்கு போடுங்கள், காய் நின்றாலும் நிற்காவிட்டாலும்.

மருந்து பற்றிக் கடுமையாகச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். பூ விரிந்திருக்கும் நாளில் பூச்சிமருந்து அடிக்கவே கூடாது. மாம்பூவுக்கு மகரந்தம் சேர்ப்பது பெரும்பாலும் ஈக்கள், கூடவே கொசுத்தேனீ. அவற்றைக் கொன்றுவிட்டால் விதையில்லாப் பிஞ்சு இன்னும் கூடும். மூன்று மருந்தைக் கலந்து அடித்ததால் எது பலன் தந்தது, எது கருக்கியது என்றும் இனித் தெரியாது. இப்போதைக்குப் பூச்சிமருந்தை நிறுத்துங்கள். ஒரு வெள்ளைத் தாளை ஏந்திப் பிஞ்சுக் கொத்தைத் தட்டிப் பாருங்கள். நூல் துணுக்கு போல மஞ்சளாக ஏதாவது ஊர்ந்தால் இலைப்பேன். மரத்துக்கு மரம் அப்படி நிறைய விழுந்தால் மட்டும், தாளையும் பிஞ்சையும் எடுத்துக்கொண்டு காவேரிப்பட்டினம் பக்கத்தில் இருக்கும் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்க் காட்டி, ஒரே ஒரு மருந்தைக் கேட்டு வாங்குங்கள்.

பிஞ்சு உதிர்வைக் குறைக்க உதவக்கூடியது நாப்தலின் அசிட்டிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கி. கடையில் 4.5 சதவீதக் கரைசலாகக் கிடைக்கும். 10 லிட்டர் தண்ணீருக்கு 4.5 மில்லி, அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். அளவு கூடினால் இதே மருந்து காயை உதிர்த்துவிடும். மூடியால் அளக்காமல் ஊசிக்குழலால் அளந்து, பட்டாணி அளவில் ஒரு முறை, இரண்டு வாரம் கழித்து ஒரு முறை தெளியுங்கள். விதையுள்ள பிஞ்சுக்குத்தான் இது பயன்படும் என்பதால்தான் முதலில் வெட்டிப் பார்க்கச் சொன்னேன். எந்தத் தெளிப்பும் மாலை 4 மணிக்குப் பிறகு, தண்ணீர் கொடுத்த மரத்துக்கு மட்டும். சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் கையில் இருந்தால் இந்த வெயிலில் தொடாதீர்கள். இலையையும் பிஞ்சையும் கருக்கிவிடும்.

எவ்வளவு நின்றால் போதும் என்று கேட்பீர்கள். ஆயிரம் பூவுக்கு மேல் உள்ள ஒரு கொத்தில் ஒன்றிரண்டு காய் அறுவடை வரை நின்றாலே அது நல்ல காய்ப்பு. ஆகவே மரத்தடியில் கிடக்கும் கூடையைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். நான்கு திசையிலும் கை எட்டும் உயரத்தில் ஐந்து ஐந்து கொத்துக்கு நூல் கட்டி, வாரம் ஒரு முறை நிற்கும் காயை எண்ணுங்கள். குத்தகைக்காரர் இப்போதே வந்து ‘எல்லாம் போச்சு’ என்று விலையைக் குறைத்துப் பேசுவார். இந்த எண்ணிக்கை கையில் இல்லாமல் முன்பணம் வாங்காதீர்கள்.

கைப்பேசி காட்டும் 37 டிகிரி உங்கள் தோப்பின் வெப்பம் அல்ல. பாறைக் குன்றை ஒட்டிய தோப்பில் மாலை வரை பாறை அனலைக் கக்கும். ஏரிக்கரைத் தோப்பில் அது இருக்காது. ஒரே ஊருக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது நத்தத்தை ஏன் பார்க்க வேண்டும்? உச்ச, தாழ் வெப்பம் இரண்டையும் காட்டும் ஒரு வெப்பமானி வாங்கி, மரத்தடி நிழலில் ஆள் உயரத்தில் கட்டுங்கள். ஒரு நோட்டில் தினமும் இரண்டு எண், பூ வந்த நாள், தளிர் வந்த நாள், மழை பெய்த நாள். மூன்று ஆண்டு எழுதினால் உங்கள் தோப்புக்கென்று ஒரு பஞ்சாங்கம் கிடைக்கும். வாரம் இரண்டு முறை, செவ்வாயும் வெள்ளியும், வானிலை ஆய்வுத் துறையின் வேளாண் வானிலை அறிக்கை மாவட்டவாரியாக வருகிறது. ‘மேக்தூத்’ செயலியில் தமிழிலும் படிக்கலாம்.

சித்திரையில் உங்கள் பக்கம் இடியும் காற்றுமாகக் கோடைமழை வரும். பாடநூல்கள் மாஞ்சாரல் என்று அழகாகச் சொன்னாலும் உங்கள் மாவட்டத்தில் அது ஆலங்கட்டியோடு இறங்குவதும் உண்டு. மழைக்குப் பின் பழ ஈ பெருகும். அதற்கு முன்பே, ஏப்ரல் இறுதிக்குள், பழ ஈயை மணத்தால் இழுத்துப் பிடிக்கும் மெத்தில் யூஜினால் பொறியை ஏக்கருக்கு 10 வீதம் கட்டிவிடுங்கள். கிளம்பிய செந்தளிரைக் கிள்ள வேண்டாம். இப்போது காய்க்காத மரம் அடுத்த ஆண்டு பூப்பது முற்றிய இலைகளை நம்பித்தான்.

பத்துப் பிஞ்சில் விதை இருந்தவை எத்தனை, இல்லாதவை எத்தனை, பெங்களூராவில் எப்படி, அல்போன்சாவில் எப்படி என்று தனித்தனியாக எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு இரண்டாவது தெளிப்பு வேண்டுமா, தண்ணீரை எத்தனை மரத்துக்கு நீட்டலாம் என்று சொல்கிறேன்.