முடிவு தெரிந்த பிறகும் படிக்கலாமா?

கேள்வி: அண்மையில் மூன்று பழைய ஆங்கில நாவல்களை அடுத்தடுத்துப் படித்தேன். வில்கி கொலின்ஸின் "த மூன்ஸ்டோன்", ஆர்தர் கொனன் டொய்லின் "த ஹவுண்ட் ஒஃப் த பாஸ்கர்வில்ஸ்", ரைடர் ஹகார்டின் "கிங் சொலமன்ஸ் மைன்ஸ்" ஆகியவை அவை. முதலிரண்டும் என் தூக்கத்தைக் கெடுத்தன. ஆனால் குற்றவாளி யார் என்று தெரிந்ததும் அவற்றை மறுபடி திறக்கும் ஆசை போய்விட்டது. மூன்றாவதையோ உடனே மீண்டும் படிக்கலாம் போலிருக்கிறது. மர்ம நாவலை ஒருமுறைக்கு மேல் படிக்க முடியாதா?
(வாசகி, வெள்ளவத்தை)

பதில்: முடியும். ஆனால் இரண்டாம் முறை வேறு ஒன்றைத் தேடிப் படிக்க வேண்டும். குற்றவாளியைத் தேடும் வேலை முதல் வாசிப்போடு முடிந்துவிடுகிறது. கதையைச் சொல்பவர் எதைப் பார்த்தார், எதைப் பார்த்தும் உணரவில்லை என்று கவனிக்கும் வேலை அப்போதுதான் தொடங்குகிறது.

1868இல் வெளிவந்த "மூன்ஸ்டோன்" இதற்கு மிகச் சிறந்த உதாரணம். 1799ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையின்போது கொள்ளையிடப்பட்ட வைரம், ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தின் வீட்டிலிருந்து ஒரே இரவில் மறைந்துபோகிறது. நடந்ததை ஒருவரே சொல்லாமல், வயதான பணியாளர், மதப்பற்று மிகுந்த உறவினர், வழக்கறிஞர் என ஒவ்வொருவரும் தாம் நேரில் அறிந்ததை மட்டும் வாக்குமூலம்போல் எழுதிவைக்கிறார்கள். முடிவை அறிந்தவராக நீங்கள் திரும்பிச் சென்றால், அந்தப் பணியாளர் பெட்டரெட்ஜ் வெள்ளை மனத்தோடு எழுதிய எத்தனையோ வரிகளில் விடை மறைக்கப்படாமலே கிடப்பதைக் காண்பீர்கள். வாழ்வில் எந்தச் சிக்கல் வந்தாலும் அவர் "ரொபின்சன் குரூசோ"வைத் திறந்து வழி தேடுகிறார். மர்மக் கதையைச் சொல்பவர் ஒரு சாகசக் கதையை வேதம்போல் மதிப்பது எனக்கு மிகவும் பிடித்த விடயம்.

"பாஸ்கர்வில்ஸ்" நாவலில் ஆறாம் அத்தியாயத் தொடக்கத்தில் ரயில் நிலையத்தில் விடைபெறும் துப்பறிவாளர் ஷெர்லொக் ஹோம்ஸ், பதினோராம் அத்தியாயம் முடியும்வரை நம் கண்ணில் படுவதில்லை. கதை நடக்கும் சதுப்பு நிலத்தை அவருடைய நண்பர் வட்சனின் விவரிப்பு, கடிதங்கள், நாட்குறிப்பு வழியாகத்தான் பார்க்கிறோம். துப்பறிபவரின் மூளை அருகில் இல்லாதபடியால்தான் அங்கே அச்சம் அவ்வளவு அடர்த்தியாகப் படிகிறது. அடுத்த தடவை அந்தப் பகுதியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள்.

"கிங் சொலமன்ஸ் மைன்ஸ்" உங்களை மீண்டும் அழைப்பதற்கும் காரணம் அதில் ஆபிரிக்காவில் தேடப்படும் புதையல் அல்ல என்றே நினைக்கிறேன். தன்னைக் கோழை என்று கூறிக்கொண்டே ஆபத்துக்குள் நடக்கும் முதிய வேட்டைக்காரர் குவாட்டர்மெயினின் குரல்தான் அந்த நாவலைத் தாங்குகிறது. ஆயினும் ஆபிரிக்கரைப் பற்றி அதில் ஊறியிருக்கும் காலனியப் பார்வை என்னை உறுத்தாமல் இருந்ததில்லை. அந்த மக்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்ல ஹகார்ட் இடமளிக்கவில்லை. அந்தக் குறையை மனத்தில் இருத்தியே அதைப் படிக்க வேண்டும்.

கேள்வி: நம் நாட்டுத் தமிழில் இத்தகைய சாகசக் கதைகள் அக்காலத்தில் எழுதப்பட்டனவா?
(வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: ஹகார்டின் நாவல் வெளியான அதே 1885ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டது. கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞரும், மருதானையில் பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த பாடசாலைக்கு வித்திட்டவர்களில் ஒருவருமான சித்திலெவ்வையின் "அசன்பே சரித்திரம்" அது. ஈழத்தின் முதல் தமிழ் நாவலாக ஆய்வாளர் பலர் கொள்வது இதைத்தான். எகிப்தில் பிறந்து, குழந்தையாகவே கடத்தப்பட்டு, இந்தியாவில் வளரும் ஒருவனின் கதையான இதில் கடத்தலும் கடற்பயணமும் பிறப்பின் இரகசியமும் ஒன்றாகப் பின்னியிருப்பதால், மர்மம், சாகசம் என்று பிரித்து வைக்கவே முடியாது. இங்கிலாந்து வாசகர் ஆபிரிக்காவுக்குக் கற்பனையில் போன அதே ஆண்டில் நம்மவர் ஒருவர் கெய்ரோவையும் இந்தியாவையும் இணைத்துத் தமிழில் கதை சொன்னார் என்பது நம் பாடசாலைப் பிள்ளைகள் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி. நடை பழையது, முதற் சில பக்கங்களில் பொறுமை தேவை.

கேள்வி: பன்னிரண்டு வயது மகனுக்கு எதை முதலில் கொடுக்கலாம்?
(வாசகி, தெஹிவளை)

பதில்: ஸ்டீவன்சனின் "ட்ரெஷர் ஐலண்ட்". 1883இல் நூலாக வந்த அக்கதையைப் பெரும்பகுதி ஜிம் என்ற சிறுவனே சொல்கிறான். அப்பிள் பீப்பாய்க்குள் இருந்தபடி அவன் கப்பலோட்டிகளின் சதியை ஒட்டுக்கேட்கும் அத்தியாயத்தைத் தாண்டிய பிள்ளை புத்தகத்தைக் கீழே வைப்பது அரிது. பிறகு ஹோம்ஸ் சிறுகதைகளுக்குச் செல்லட்டும். "மூன்ஸ்டோன்" நீளமானது, அதற்கு இன்னும் சில வருடங்கள் போகட்டும்.